பதினோரு விநாடிக் கைதட்டல்

விண்கலம் கிளம்பிய காலை எங்கள் சேனலில் இரண்டு படங்கள் தயாராக இருந்தன. ஒன்று நான் வெட்டியது. என் மனைவியும் மற்ற இருவரும் சுற்றுப்பாதையை அடைந்தவுடன் போட வேண்டிய ஆறு நிமிடப் படம். இன்னொன்றைப் பக்கத்து அறையில் எனக்குத் தெரியாமல் வெட்டியிருந்தார்கள். செய்தி சேனல்களில் இது வழக்கம்தான். எழுபது வயதைத் தாண்டிய பிரமுகர்கள் எல்லோருக்கும் எங்களிடம் நாலு நிமிட இரங்கல் படம் எப்போதும் தயாராக இருக்கும். விண்வெளிப் பயணம் என்றால் நல்லதற்கு ஒன்று, கெட்டதற்கு ஒன்று.

எனக்குத் தெரியாமல் என்பது பேச்சுக்கு. அதை வெட்டிய சக எடிட்டர் ஒரு வாரமாக என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. டீ குடிக்கக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் வெட்டித்தான் கொடுத்திருப்பேன்.

என் மனைவி என்னைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவாள். போவதற்கு முன் அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று.

"கத்திரி, நான் போற அன்னிக்கு நீ அம்மா பக்கத்துல உக்காந்துக்கோ. உங்க ஆபீஸ் ஒருநாள் நீ இல்லாம ஓடும்."

சரி என்றேன்.

குடும்பத்தாருக்கு ஏவுதளத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பார்வையாளர் மாடத்துக்கு நூற்றுப் பத்துப் படி. அவள் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, இரண்டு முழங்காலும் போய்விட்டது. "ராக்கெட் விடத் தெரியுது, ஒரு லிப்ட் வைக்கத் தெரியலயா இவங்களுக்கு?" என்றார். மச்சினன் மட்டும் போனான். அத்தை தன் வீட்டிலேயே டிவியில் பார்ப்பதாக ஏற்பாடு.

இரண்டு நாள் முன்பு செய்தி ஆசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, உன் மாமியார் வீட்ல ஒரு கேமரா வச்சிக்கலாமா? ஒரே ஒரு கேமரா. ஓரமா நிக்கும். மகள் மேல போறா, தாய் கீழ பாக்குறாங்க. வேற எந்த சேனலுக்கும் இது கிடைக்காது."

அத்தையிடம் கேட்டேன். "வைக்கட்டுமே. எந்த கலர் உடுத்தினா டிவில எடுப்பா இருக்கும்னு கேட்டுச் சொல்லுங்க மாப்பிள்ள" என்றார். மறுநாள் செய்தி ஆசிரியர் மறுபடியும் கூப்பிட்டார். கண்ட்ரோல் ரூமில் ஆள் இல்லை, நீயும் வந்தால்தான் ஆகும் என்றார். அத்தை வீட்டில்தான் கேமராக்காரரும் நிருபரும் அக்கம்பக்கத்தாரும் இருக்கிறார்களே என்று நான் வேலைக்குப் போனேன். அந்தக் கேமராவை அந்த வீட்டுக்குள் விட்டது நான். அதன் பக்கத்தில் இல்லாமல் போனதும் நான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு அவள் அத்தை வீட்டுச் சமையலறையில் ஒரு டம்ளர் மேல் இன்னொரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் பாடம் நடத்தினாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கீழ இருக்கறது எரிபொருள். மேல இருக்கறது நாங்க. ரெண்டு நிமிஷம் நாலு செகண்ட்ல கீழது கழண்டு விழும். புகையா வரும். பாக்க வெடிச்ச மாதிரியே இருக்கும். பயந்து கத்தி ஊரைக் கூட்டாத. அது பிரிஞ்சாதான் நல்லது. எனக்கு மொத்தத்துலயும் அந்த ஒரு இடம்தான் பயம். அத தாண்டிட்டா மத்ததெல்லாம் சும்மா பஸ்ல போற மாதிரி."

"நான் என்ன பண்ணணும்?"

"அத பாத்ததும் கை தட்டு."

"உனக்கு எங்க கேக்கப் போகுது?"

"கேக்காது. நீ தட்டும்மா."

பத்து பதினேழுக்குக் கலம் கிளம்பியது. என் முன்னால் இருந்த சுவரில் பன்னிரண்டு திரைகள். ஆறாவதில் அத்தை. நீல நிறம் உடுத்தி, தலையைப் படிய வாரி, சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒளிபரப்பில் திரையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் வானம், வலப்பக்கம் அத்தை என்று போட்டுக்கொண்டிருந்தோம். அறுபத்தெட்டாவது விநாடியில் புகை இரண்டாகப் பிரிந்தது.

எனக்குக் கணக்கு தெரியும். நூற்று இருபத்து நாலில்தான் பிரிய வேண்டும். கண்ட்ரோல் ரூமில் யாரோ "ஐயோ" என்றார்கள். ஆறாவது திரையில் அத்தை கை தட்டினார். வாய் கொள்ளாத சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர்களையும் தட்டச் சொல்லித் தலையசைத்தார். அவர்களும் தட்டினார்கள். கேமராக்காரர் மெல்ல மெல்ல அத்தையின் முகத்துக்குப் போனார். யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பதினோரு விநாடி. பிறகு நிருபரின் காதில் யாரோ செய்தி சொல்ல, அவர் குனிந்து அத்தையின் கையைப் பிடித்தார்.

நாலு நிமிடத்தில் இரண்டாவது படம் ஓடியது. நன்றாக வெட்டியிருந்தார்கள். அதில் வந்த அவளுடைய சிறுவயதுப் புகைப்படம் நான் முதல் படத்துக்காகக் கொடுத்தது.

*

கடலில் எட்டு நாள் தேடினார்கள். எங்களுக்கு ஒரு பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று அதிகாரி தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார். திறக்கவில்லை.

விபத்து நடந்த அன்றே அத்தையை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மச்சினன் வீட்டில் கைக்குழந்தை, இடம் போதாது. அத்தை வந்த முதல் நாள் மாலை, ஜன்னலோரம் உட்கார்ந்து, தானாகவே பேசினார்.

"ஒண்ணு மட்டும் ஆறுதல் மாப்பிள்ள. அவ பயந்த இடத்த தாண்டிட்டா. பிரிஞ்சது, நான் கண்ணால பாத்தேன். கை தட்டினேன். அதுக்கப்புறம் என்னமோ ஆயிடுச்சு. ஆனா அந்த இடத்துல அவளுக்கு ஒரு நிம்மதி வந்திருக்கும் இல்ல? அப்பாடான்னு இருந்திருக்கும்ல?"

"ஆமா அத்தை" என்றேன்.

"கொஞ்ச நேரமாவது."

"ஆமா."

அன்றைக்கே கேபிள் வயரைப் பிடுங்கிவிட்டு டிவி ரிப்பேர் என்றேன். பேப்பர் போடுபவரிடம் வேண்டாம் என்று சொன்னேன். அத்தையின் போனைத் தண்ணீரில் போட்டு, கை தவறிவிட்டது என்று சொல்லி, எண் பட்டன்கள் மட்டும் உள்ள பழைய போன் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, என்ன பேசக் கூடாது என்று சொல்லித்தான் உள்ளே விட்டேன். அவருக்கு அந்த அறுபத்தெட்டு தெரியக் கூடாது. எனக்கு அப்போது இருந்த வேலை அது ஒன்றுதான். சாப்பிடுவதும் தூங்குவதும் அதற்கு நடுவில் நடந்தன.

வெளியே அந்தப் பதினோரு விநாடி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சேனல் முதல் நாளே நூறு தடவைக்கு மேல் போட்டது. மற்ற சேனல்கள் எங்கள் முத்திரையை மறைத்துப் போட்டன. ஒருவர் அதை மெதுவாக ஓடவிட்டு வயலின் சேர்த்தார். இன்னொருவர் தோற்றுப்போன அணியின் பயிற்சியாளர் முகத்துக்குப் பதில் அத்தையின் முகத்தை ஒட்டினார். ஒரு மனநல மருத்துவர் வந்து அதிர்ச்சியில் மூளை எதிர்மாறாக வேலை செய்யும் என்று விளக்கினார். தாய்க்கு உண்மை முன்பே தெரியும், இது நாடகம் என்று ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார். பத்திரிகைகள் "படிப்பறிவில்லாத எளிய தாய்" என்று எழுதின. அத்தை பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவர். முப்பத்தொரு வருடம் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் இருந்தவர்.

பதினைந்தாவது நாள் முடி வெட்டப் போனேன். வழக்கமான கடையில் தெரிந்துவிடும் என்று மூன்று தெரு தள்ளி ஒரு கடை. கண்ணாடிக்கு மேலே டிவி. முடி திருத்துபவர் என் கழுத்தில் துணியைக் கட்டும்போதே ஆரம்பித்தார்.

"அந்த வால்வுதான் சார் கோளாறு. மொத நாளே நான் சொன்னேன், இவன்கிட்ட கேளுங்க."

அடுத்த நாற்காலியில் வேலை செய்துகொண்டிருந்தவர், "ஆமா, இவர் சொல்லித்தான் விசாரணைக் கமிஷனே வச்சாங்க" என்றார்.

"நீ வாய மூடு. சார், பக்கவாட்டுல ஒட்ட வெட்டவா?"

"கொஞ்சமா."

"அந்த கெழவி கை தட்டினத பாத்தீங்களா?"

"இல்ல."

"பாக்கலயா! எந்த ஊர்ல இருக்கீங்க? நான் எட்டு தடவ பாத்தேன். எம் பொண்டாட்டி ஒவ்வொரு தடவையும் அழுவுறா. நான் என்னமோ, முதல் தடவ சிரிச்சிட்டேன் சார். என்னமா தட்டுது தெரியுமா, பக்கத்துல இருக்கறவன முறைச்சு, நீயும் தட்டுடாங்குது. அப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. தல குனிங்க."

குனிந்தேன்.

"புருஷன்காரன் ஒருத்தன் இருக்கானாம். டிவிலயேதான் வேலையாம். ஆளையே காணோம். எவ்வளவு குடுத்து வாய அடைச்சாங்களோ."

"பாவம், அவன் என்ன நிலைமைல இருக்கானோ" என்றார் அடுத்தவர்.

"நிலைமை என்ன நிலைமை? இந்நேரம் வேற பொண்ணு பாத்திருப்பாங்க. மீசை ட்ரிம் பண்ணவா சார்?"

"வேண்டாம்" என்றேன். வேலை சுத்தமாக இருந்தது. பின்கழுத்தில் ஒரு முடி ஒட்டவில்லை.

அங்கிருந்து நேராக ஆபீசுக்குப் போனேன். செய்தி ஆசிரியர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"அந்தக் கிளிப்ப நிறுத்தணும் சார்."

"தம்பி, நாம நிறுத்தினா அவங்க நிறுத்துவாங்களா?"

"நம்மகிட்ட ஒரிஜினல் இருக்கு. உரிமை நம்மளது. நீங்க கேட்டா எல்லாரும் எடுத்துடுவாங்க."

அவர் பேனாவை மூடித் திறந்தார். "மேலிடத்துல நான் என்ன சொல்றது? அதான் இப்ப நம்மள தூக்கி நிறுத்துது. அதுக்குப் பதில் ஏதாவது நான் கைல வச்சிக்கிட்டுத்தான் பேச முடியும்." பேனாவைக் கீழே வைத்தார். "நீ ஒரு பேட்டி குடு. இருபது நிமிஷம். இதுவரைக்கும் நீ வாயே தொறக்கல. அது வந்தா, கிளிப்ப நான் எடுத்துடறேன். இது என் வாக்கு."

"கைதட்டல பத்திக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டாங்க."

மறுநாள் பேட்டி. எனக்குத் தெரிந்த ஸ்டூடியோதான். ஆனால் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. மேசையில் டிஷ்யூ பெட்டி வைத்து, ஒரு தாளைப் பாதி வெளியே இழுத்துவிட்டிருந்தார்கள். மேக்கப் போடுபவர் பவுடரோடு வந்து, என் முகத்தை உற்றுப் பார்த்து, "கண்ணுக்குக் கீழ கறுப்பு இருக்கட்டும், அதான் எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அந்த நிமிஷம் உங்க மனசுல என்ன ஓடுச்சு?" என்றார் செய்தி வாசிக்கும் அம்மா.

"ஒண்ணும் ஓடல."

"அவங்க கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாங்க?"

"கேஸ் புக் பண்ணியான்னு கேட்டாங்க."

அவர் முகம் வாடிவிட்டது. காதில் மாட்டியிருந்த கருவியில் யாரோ பேசுவது அவர் கண்ணில் தெரிந்தது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். எத்தனையோ பேட்டிகளில் நான்தான் அந்த இடத்தை வெட்டியிருக்கிறேன். அவர் முன்னால் சாய்ந்தார்.

"மன்னிக்கணும். நாடே கேக்குற கேள்வி. அந்தத் தாய்க்கு மனநிலை சரியில்லன்னு சிலர் சொல்றாங்க. இல்ல, அவங்களுக்கு எதுவும் புரியல, படிக்காதவங்கன்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

எழுந்து வந்திருக்கலாம். பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்தால் வெட்டிவிடுவார்கள், எனக்கே தெரியும். ஆனால் பதினாறு நாளாக எல்லோரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"அவங்க பைத்தியம் இல்ல. பட்டதாரி. என் மனைவி சொல்லிக் குடுத்தாங்க, பிரியும்போது கை தட்டும்மான்னு. மக சொன்னத அம்மா செஞ்சாங்க. அவ்வளவுதான்."

செய்தி வாசிக்கும் அம்மா அந்த டிஷ்யூவைத் தானே எடுத்துக்கொண்டார்.

*

செய்தி ஆசிரியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று மாலையிலிருந்து எங்கள் சேனலில் கிளிப் வரவில்லை. மற்றவர்களும் பாதிப் பேர் எடுத்துவிட்டார்கள். அதற்குத் தேவை தீர்ந்துவிட்டது. இப்போது எல்லோருக்கும் மனப்பாடம்.

முதலில் ஒரு கல்லூரியில் ஆரம்பித்தது. காலைக் கூட்டத்தில் மௌன அஞ்சலிக்குப் பதில் பதினோரு விநாடி கை தட்டினார்கள். மறுநாள் ஒரு விளையாட்டு மைதானத்தில் முப்பதாயிரம் பேர். கிண்டல் செய்தவர்களெல்லாம் அழுகிற முகம் போட்டார்கள். நாடகம் என்று நாற்பது நிமிடம் பேசியவர், தான் ஒரு தாயின் மகன் என்று பத்து நிமிடம் பேசினார். பனியன்கள் வந்தன. பனியனில் இரண்டு கைகள், நடுவில் ஒரு கோடு புகை.

இருபத்தைந்தாவது நாள் விண்வெளி நிறுவனம் அறிவித்தது. கலம் கிளம்பி ஒரு மாதம் ஆகும் நாளில், காலை பத்து பதினெட்டு தாண்டி எட்டாவது விநாடிக்கு, நாடு முழுவதும் பதினோரு விநாடி கைதட்டல் அஞ்சலி. கணக்கு சரிதான். பத்து பதினேழோடு அறுபத்தெட்டு விநாடி.

மச்சினன் போன் செய்தான்.

"மாமா, அக்கா ஆபீஸ்லருந்து பேசினாங்க. அம்மாவ மேடைல உக்கார வைக்கணுமாம். கார் அனுப்புறாங்களாம்."

"அம்மாவுக்கு முழங்கால் வலி."

"மேடைக்கு லிப்ட் இருக்காம் மாமா."

"வேண்டாம்டா."

"ஏன் மாமா? பெருமைதானே? அக்காவுக்காக நாடே தட்டப் போகுது. அம்மாவ எத்தன நாள் அடைச்சு வைப்பீங்க?"

அவனிடம் காரணத்தைச் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா அப்படி நினைச்சிக்கிட்டா இருக்காங்க?" என்றான். "சரி. நான் வேண்டாம்னு சொல்லிடறேன்."

அந்த நாளில் அத்தையை எங்காவது ஆளில்லாத இடத்துக்குக் கூட்டிப் போக நினைத்தேன். கார் ஏறுவதற்கே முகம் சுளித்தார். "எனக்கு எதுக்கு மாப்பிள்ள ஊர் சுத்தறது? அவ துணியெல்லாம் எடுத்து மடிச்சு வைக்கணும். நீங்க ஆம்பள, உங்களுக்கு அது வராது."

அதனால் வேறு ஏற்பாடு. ஜன்னல்களைச் சாத்தினேன். தூசி வருகிறது என்றேன். பத்து மணிக்கு வாஷிங் மெஷினில் நாலு துணியைப் போட்டு ஓடவிட்டேன். பத்து பத்துக்கு பாத்ரூமில் குழாயைத் திறந்தேன். பத்து பதினேழுக்கு மிக்ஸியை முழு வேகத்தில் வைத்தேன்.

அத்தை அவளுடைய சட்டை ஒன்றைக் கையில் வைத்தபடியே சமையலறைக்கு வந்தார்.

"என்ன அரைக்கிறீங்க?"

"சட்னி."

மூடியைத் தூக்கிப் பார்த்தார். "வெறும் ஜார ஓட்டினா மோட்டார் புகைஞ்சிடும் மாப்பிள்ள." சுவிட்சை அணைத்தார். போகிற வழியில் பாத்ரூம் குழாயையும் மூடினார். வாஷிங் மெஷின் அந்தச் சமயம் பார்த்துத் தண்ணீர் மாற்ற நின்றது.

தெருவில் ஒரு வண்டிச் சத்தமும் இல்லை. எல்லாம் நின்றிருந்தன. பிறகு ஆரம்பித்தது. முதலில் மேல் மாடியில், பிறகு எதிர்க் கட்டடத்தில், பிறகு கீழே. ஓட்டுக் கூரையில் மழை விழுவது போலக் கேட்டது. அத்தை பால்கனிக் கதவைத் திறந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

எதிர் பால்கனிகளில் எல்லாம் ஆட்கள். கீழே பஸ் நின்றிருந்தது, டிரைவர் இறங்கிப் படியருகில் நின்று தட்டிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். எல்லோரும் எங்கள் பால்கனியைப் பார்த்துத்தான் தட்டினார்கள். எதிர் வீட்டு வங்கி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தட்டினார். பல பேர் கையில் தூக்கிப் பிடித்த போன்கள்.

அத்தை குழம்பிப் போய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாருக்கு? என் பொண்ணுக்கா?"

"ஆமா அத்தை."

"ஒரு மாசம் ஆனதுக்கா?" அவர் முகத்தில் லேசாக ஒரு மலர்ச்சி வந்தது. "ஆனா கை ஏன் தட்டுறாங்க? பேசாம நிப்பாங்கல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். அத்தனை நாளும் அதைத்தான் செய்தேன்.

கைதட்டல் நின்றது. எல்லோரும் அத்தையையே பார்த்தார்கள். மாடியிலிருந்து ஒரு குரல், "அம்மா, உங்க பொண்ணு சொல்லிக் குடுத்த மாதிரி நீங்களும் ஒரு தடவ தட்டுங்கம்மா!" என்றது. கீழே நின்ற கூட்டத்தில் ஒருவர் பெரிய அட்டை ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கினார். அதில் அத்தையின் முகம், சிரிப்பு, பாதி விரித்த கைகள். அடியில் கொட்டை எழுத்தில்: அறுபத்தெட்டாவது விநாடி.

முப்பத்தொரு வருடம் கண்ணாடிக்கு அப்பாலிருந்து நீட்டிய தாள்களைப் படித்த கண். மூன்று மாடி உயரம் அதற்கு ஒன்றுமில்லை.

"அறுபத்தெட்டா?" என்றார். "தப்பா எழுதியிருக்காங்க. நூத்து இருபத்து நாலு."

நான் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு நிமிஷம் நாலு செகண்ட்னுதான் அவ சொன்னா. நூத்து இருபத்து நாலு."

"ஆமா."

"நான் எப்போ தட்டினேன்?"

"அறுபத்தெட்டுல அத்தை."

கையில் இருந்த சட்டையைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தார். விழாமல் இருக்க அதை ஒரு கையால் அழுத்திக்கொண்டார்.

"அப்போ பிரியல."

"இல்ல."

"அவ அந்த இடத்துக்கே வரல."

"இல்ல அத்தை."

"டிவில ஓரத்துல கடிகாரம் ஓடிட்டேதான் இருந்துச்சு. நான் பாக்கல. கடிகாரத்தப் பாத்துப் பாத்து வேல செஞ்சவ நான். பாக்கல." கீழே யாரோ மறுபடியும் அம்மா என்று கூப்பிட்டார்கள். அத்தை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அவ எனக்குச் சொல்லிக் குடுத்தது இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"டிவில."

"எதுக்கு?"

"உங்களப் பைத்தியம்னு சொன்னாங்க அத்தை. படிக்காதவங்கன்னு சொன்னாங்க."

"சொல்லிட்டுப் போகட்டுமே மாப்பிள்ள" என்றார். குரல் உயரவில்லை. "ஊர்ல நாலு பேரு பைத்தியம்னு சொன்னா எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? கவுண்டர்ல உக்காந்து நான் வாங்காத பேச்சா? அது எனக்கும் அவளுக்கும் நடுவுல இருந்துச்சு. அது ஒண்ணுதான் இருந்துச்சு."

சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முழங்கால் மடங்காமல் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். பின்னால் மறுபடியும் கை தட்டினார்கள்.

மச்சினனை வரச் சொல்லச் சொன்னார். இடம் போதாதே என்றேன். "ஹால்ல படுத்துக்கறேன்" என்றார். மூன்று மணிக்கு அவன் வந்தான். அத்தையின் பையை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் லிப்ட் பட்டனை அழுத்தினான்.

"என் மேல கோபமா அத்தை?"

"கோபம்னு இல்ல. இத்தன நாள் தினமும் நான் கேட்டேன், நீங்க ஆமா ஆமான்னீங்க. இனிமே சாப்டீங்களான்னு கேட்டு நீங்க ஆமான்னாக்கூட, நம்பவா வேண்டாமான்னு நான் யோசிக்கணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல." லிப்ட் வந்தது. "அவ துணி மூணு அடுக்கா மடிச்சு வச்சிருக்கேன். கலைச்சிடாதீங்க."

கதவு மூடியது. லிப்ட் ஒவ்வொரு மாடியாக இறங்குவதை எண் மாறி மாறிக் காட்டியது. கீழே போய்ச் சேரும் வரை பார்த்தேன்.

நாலு மணிக்குச் செய்தி ஆசிரியர் போன் செய்தார்.

"தம்பி, உங்க எதிர் கட்டடத்துலருந்து ஒருத்தர் வீடியோ அனுப்பியிருக்கார். உன் மாமியார் பால்கனிக்கு வர்றாங்க, பாக்கறாங்க, உன்கிட்ட ஏதோ பேசறாங்க, அப்புறம் தாங்க முடியாம உள்ள போயிடறாங்க. குரல் இல்ல. குரல் இல்லாததுதான் அதுல விசேஷம். பிரமாதமா வந்திருக்கு. ஆனா நான் வாக்கு குடுத்திருக்கேன். நீ வேண்டாம்னா போடல. ஒரு வார்த்தை சொல்லு, அழிச்சிடறேன்."

அத்தையிடம் மறைக்க வேண்டியது என்று இனி எதுவும் இல்லை.

"போட்டுக்குங்க சார்" என்றேன்.

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஓடுது. எட்டு மணிச் செய்திக்கு வெட்டணும். இங்க இருக்கறவங்க கண்டபடி வெட்டிடுவாங்க. நீ வந்தா மரியாதையா இருக்கும். வர முடியுமா?"

செருப்பைத் தேடிக்கொண்டே, எத்தனை விநாடி வேண்டும் என்று கேட்டேன்.